லேபிள் படிக்கவில்லை, உடனே வரவும்

பார்கோடு பிரிண்டர் சர்வீஸ் என்பது, யார் தப்பு செய்தாலும் முதல் திட்டு நமக்கே விழுகிற தொழில். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே பஸ்ஸில் தொங்கிய சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா.

ராயபுரம்: வேர்த்த பெட்டி

மீன் ஏற்றுமதி கம்பெனியில் ஒட்டிய லேபிளெல்லாம் உதிர்ந்தது. பிரிண்டரைக் கழற்றி மாட்டியதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால், ஃப்ரீஸரிலிருந்து வெளியே வந்ததுமே பெட்டி நனைந்துவிடுகிறது. ஈரத்தில் எந்தப் பசை ஒட்டும்? உள்ளே வைக்கும் முன்பே ஒட்டச் சொன்னேன். பெட்டி தூக்கும் காசி பிரிண்டரைத் தடவிக் கொடுத்தார்: "அப்போ இது நல்லாத்தான் கீதா? பாவம் சார், காலீலர்ந்து இத்தப் போட்டு குத்திகினு இருந்தோம்."

விம்கோ நகர்: காலை வெயில்

பம்பு உதிரி பாகம் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. பேக்கிங்கில் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டெல்லா அக்கா. கான்ட்ராக்ட் வேலை, பர்மனென்ட் ஆகுமா என்று காத்திருந்தார். காலையில் லேபிள் பாதிப் பாதியாக விழும், மதியம் ஒழுங்காக வரும். நான் போவதோ மதியம். அதனால் அக்கா பொய் சொல்கிறார் என்று மானேஜர் முடிவே கட்டிவிட்டார்.

ஒரு நாள் காலையிலேயே போனேன். ஜன்னல் வெயில் நேராக பிரிண்டருக்குள் விழுந்து, லேபிள் எங்கே முடிகிறது என்று பார்க்கும் சென்சாரைக் குழப்பிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஓர் அட்டையைக் கட்டியதும் சரியாயிற்று. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கே நிம்மதியாக இருந்தது. "மிசினுக்குக்கூட கண்ணு கூசும்னு இன்னிக்குத்தான் தம்பி தெரியும்."

அதே கம்பெனி: ஆயுத பூஜை லீவு முடிந்து

"லேபிள் படிக்கவில்லை, உடனே வரவும்" என்று மானேஜரிடமிருந்து தகவல். கன்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்பக் காத்திருக்க, ஸ்கேனர் ஒரு லேபிளையும் ஏற்கவில்லை. "அந்தம்மாவுக்கு மிஷினைப் பாத்துக்கத் தெரியலை. இன்னியோட நிறுத்திடறேன்" என்றார் என் எதிரிலேயே. அக்கா தலை நிமிரவில்லை.

பிரிண்டரைத் திறந்தேன். அச்சடிக்கும் ஹெட்டில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அது அப்பியிருந்த இடத்தில் கோடு விழாமல் வெள்ளையாகப் போயிருந்தது. "பொட்டு வெச்சது யார் சார்?" என்றேன். பூஜை செய்தவர் மானேஜர்தான். "முக்கியமான இடத்துலதானேப்பா வைக்கணும்" என்று இழுத்தார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், ஸ்கேனர் 'பீப்' என்றது. "நாளைக்கும் வாம்மா" என்று முனகிவிட்டு அவர் நகர்ந்தார்.

காலையில் மை ரிப்பன் மாட்டுவதும் ஹெட்டைத் துடைப்பதும் அக்காதான். பொட்டைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வேலையே போக இருந்ததே, ஏன் துடைக்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்று தனியாகக் கேட்டேன். கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்தேன் தம்பி. உங்க சாமிக்கு வெச்ச பொட்டு, அத்த நான் எப்டி அழிப்பேன்?"

அன்றிலிருந்து ஆயுத பூஜைக்கு முன்பே ஒவ்வொரு கம்பெனியாகப் போய், பிரிண்டருக்குப் பொட்டு வைக்க வேண்டிய இடம் மேல்மூடிதான் என்று மானேஜர்களுக்குத் தொட்டுக் காட்டிவிட்டு வருவதையும் என் சர்வீஸில் சேர்த்துக்கொண்டேன்.