முளைத்திருக்கக் கூடாத பயறு

எங்கள் வீட்டில் முதன்முதலாக டீச்சர் ஆகப் பார்த்தது என் அத்தை. அப்பாவுக்குத் தங்கை. நான் எட்டாவதோடு நின்று, போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போனவன். படிப்பைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை குறைவு. ஆனால் அத்தையின் படிப்பு நின்ற கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை.

அப்போது மல்லசமுத்திரம் பக்கம் ரோட்டுக்கு ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்தது. இன்று அந்தக் கட்டடங்கள் பலவற்றில் கோழித்தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ஒரே கலர் சேலை கட்டிய பெண்கள் சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நெரிசலில் போவார்கள். இரண்டாம் வருடம் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளியில், அதிகாரி முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அத்தைக்குக் கிடைத்தது நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்த பள்ளி.

"இந்த வருசம் பாஸானா மேல பாக்கலாம். இல்லீனா எடப்பாடித் தறிக்காரங்க கேட்டுட்டே இருக்கறாங்க, குடுத்துருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். "சரிங்ண்ணா" என்றாள் அத்தை.

பாடம், விதை முளைத்தல். ஒரு வாரம் முன்பே வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளரில் பஞ்சு வைத்துத் தட்டப்பயறு போட்டாள். ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, மற்றதற்கு இல்லை. எலிக்குப் பயந்து ஒவ்வொன்றையும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, மூடி மேல் அழகுக்கு வண்ணத்தாள் ஒட்டினாள். பள்ளியில் எங்களுக்கு மூன்று நாள் ஒத்திகை நடந்தது. "ரெண்டாவது டம்ளர்ல ஏன் முளைக்கல?" என்பாள். அவள் கையை உயர்த்தியதும் "தண்ணீர் இல்லாததால் டீச்சர்!" என்று எல்லோரும் கத்துவோம்.

"உங்கத்தை பள்ளிக்கொடத்துல சுண்டலா போடப்போவுது?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். நான் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருடம் மழை ஏமாற்றி, எங்கள் காட்டில் போட்ட கடலை பாதி முளைக்கவில்லை. அப்பா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். முளைக்காத விதையை ஒருவர் வேண்டுமென்றே நாலு பேருக்குக் காட்டுவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏன் முளைக்கவில்லை என்று அதிகாரி முன் கேள்வி வந்தால் அத்தைக்கு அவமானம் என்று நினைத்தேன். தினமும் காலையில் இரண்டாவது பெட்டியைத் திறந்து ஒரு கை தண்ணீர் தெளித்தேன். காய்ந்த பயற்றில் பார்க்க என்ன இருக்கிறது என்று அத்தை அதைத் திறக்கவில்லை.

அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தை முதல் டம்ளரை எடுத்துக் காட்டினாள். நல்ல முளை. பிறகு, அதிகாரி முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டாவதையும் எடுத்து மேஜையில் வைத்தாள். அது விளிம்பைத் தாண்டி இரண்டு இலை விட்டிருந்தது.

"ரெண்டாவது டம்ளர்ல ஏன் முளைக்கல?"

"தண்ணீர் இல்லாததால் டீச்சர்!"

நானும் சேர்ந்துதான் கத்தினேன். அப்போதுதான் அத்தை குனிந்து பார்த்தாள். இப்படி ஆனால் என்ன செய்வது என்று பாடத்திட்ட நோட்டில் எழுதவில்லை. அடுத்த வரி, பாராட்டுதல். "சரியான விடை. எல்லாரும் கை தட்டுங்க" என்றாள். தட்டினோம்.

"ஏம்மா, புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தே, பயறுக்குச் சொல்ல மறந்துட்டியா?" என்று அதிகாரி சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தை கேட்டாள். "நீ ஏதும் தண்ணி ஊத்துனயா சாமி?"

"ஆமா அத்தை. அது மட்டும் காஞ்சு கெடந்துச்சு."

அவள் அடிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். செய்முறையில் பெயில் என்று முடிவு வந்தபோது, என்ன ஆச்சு என்று அப்பா கத்தினார். "நாந்தானுங்ண்ணா டம்ளரை மாத்தி வெச்சுட்டேன்" என்றாள். மறுபடி எழுதலாம் என்றதை அப்பா காதில் வாங்கவில்லை. எனக்கோ, அடி விழாமல் தப்பித்ததே பெரிதாக இருந்தது.

வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் அத்தையை விட்டுவர வேன் பிடித்துப் போனோம். போகும்போது இடமில்லாமல் அத்தையை ஒட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது அத்தை இருந்த பக்கத்து இடம் காலியாக இருந்தது. வசதியாகக் கால் நீட்டிப் படுத்து, ஊர் வரும்வரை தூங்கினேன்.