குங்குமம் வைத்த டப்பா

பதின்மூன்று வயதில் அண்ணனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டேன். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எடமலைப்பட்டி புதூர் தாண்டி ஒரு ரைபிள் கிளப் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஞாயிறுதோறும் அப்பா எங்கள் இருவரையும் ஸ்கூட்டரில் அழைத்துப்போவார். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அதன் கறுப்பு வட்டத்து நடுவில் சுட வேண்டும். சேர்ந்தது அண்ணனுக்காக. என்னை வீட்டில் தனியாக விட முடியாதே என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்கு நகைப் பட்டறை. ஒரே பெட்டித் தோட்டாக்களுக்குள்ளும் எடையில் மயிரிழை வித்தியாசம் இருக்கும், அது குறியைக் கெடுக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், தங்கம் நிறுக்கிற தராசைக் கிளப்புக்கே தூக்கி வந்துவிட்டார். ஒவ்வொன்றாக நிறுத்து, எடை ஒத்ததை ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் குங்குமம் வைப்பார். அது அண்ணனுக்கு. ஒத்துவராத கழிசலெல்லாம் பொட்டில்லாத டப்பாவில் எனக்கு. கழிசலை வைத்துச் சுடுகிறவள் மூச்சை இன்னும் நன்றாக அடக்கக் கற்றுக்கொள்வாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

அந்த வருஷம் சென்னையில் பயிற்சி முகாம். பையனோ பெண்ணோ, கிளப்புக்கு ஒருவர்தான். பத்துத் தோட்டாவில் அதிக மதிப்பெண் எடுத்தவர் அட்டையைக் கிளப்பிலிருந்து அங்கே அனுப்புவார்கள். எனக்குப் போயே தீர வேண்டும் என்றிருந்தது. அண்ணன் எடுத்தது எண்பத்தொன்பது. நான் தொண்ணூற்றாறு.

இரண்டு அட்டைகளையும் அப்பா மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் இதமாகச் சொன்னார்: "டப்பா மாறிப்போச்சும்மா. அண்ணனோட நல்ல தோட்டாவை நீ எடுத்துட்டே. அவன் பாவம், கழிசலை வெச்சு சுட்டிருக்கான். நியாயமாப் பாத்தா இந்த மார்க்கு யாருக்குச் சேரணும், நீயே சொல்லு."

கிளப் மாஸ்டர், "வேணும்னா இன்னொரு தடவை சுட வெச்சுடலாமே சார்" என்று இழுத்தார்.

"எங்க வீட்டு விஷயம் சார், விட்டுடுங்க" என்றார் அப்பா. அவரும் விட்டுவிட்டார். என் அட்டையில் அண்ணன் பெயர் ஏறியது.

என் டப்பா மூடியைத் தடவிப் பார்த்தேன். குங்குமம் இல்லை. அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குந்துமணித் தங்கத்தைக்கூடத் தவறவிடாத அப்பாவுக்கா தெரியாது?

அந்த அட்டையில் தொடங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வரைக்கும் போனான் அண்ணன். நான் பெரியவளாகிவிட்டேன் என்று அடுத்த மாதமே என்னை நிறுத்தினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று திரும்பும் வழியில், திருவானைக்காவலில் ஸ்கூட்டரை நிறுத்தி அப்பா ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். நான் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"தெரியாம எடுத்துட்டேண்ணா, மன்னிச்சுடு" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி விடு. இனிமே பாத்து எடு" என்றான்.

அப்பாடா, மன்னித்துவிட்டான் என்று எனக்கு அப்படியொரு நிம்மதி. டம்ளரைப் பிடித்திருந்த அவன் கட்டைவிரலில் குங்குமம் அப்பியிருந்தது. டப்பா மூடியைத் திறக்கும்போது ஒட்டிக்கொண்டது. சட்டையில் கறையாகிவிடப் போகிறதே என்று, அவன் கையைப் பிடித்து இழுத்து, என் துப்பட்டாவாலேயே அதை அழுத்தித் துடைத்துவிட்டேன்.