மேலே பிரஷர் இல்லை

பைப் வேலை செய்கிறவனைக் கலியாண வீட்டில் கண்டாலும் ஒருவரும் சுகம் விசாரிப்பதில்லை. "எங்கட வீட்டில ஒரு பைப் ஒழுகுது" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். மாடியில் ஷவரைத் திறந்துவிட்டு, துளி விழும் இடம் பார்த்துத் தலையை நீட்டுகிறவர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். ஆனால் பாலையூற்று ரீற்றா அக்கா பட்ட பாட்டை நீங்கள் பட்டிருக்க மாட்டீர்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வரப்போகும் தன் அண்ணருக்காகவே அக்கா மாடி கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் ஷவரில் தண்ணீர் நூலாக வருவது தெரிந்தது. அண்ணர் முகம் சுளித்துக்கொண்டு உப்புவெளியில் ஹோட்டலுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று அக்காவுக்கு நித்திரை இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

அந்தோனியாருக்கு மேலே

கோளாறு பார்த்தவுடனே விளங்கிவிட்டது. தண்ணீர்த் தாங்கி ஷவருக்கு மேலே ஒரு முழ உயரத்தில்தான் இருந்தது. தூண் எழுப்பித் தாங்கியை இன்னும் உயர்த்தினால் தண்ணீர் தானாக வேகம் பிடிக்கும் என்றேன். அக்கா சந்தோசமாக ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறி வந்தார்.

எவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். என் கைக்கு நேரே, தெருவுக்கு அந்தப் பக்கம், சிற்றாலயத்தின் உச்சியில், துலைந்த சாமானைத் தேடித் தருகிற அந்தோனியாரின் சுரூபம். அக்காவின் முகம் மாறிவிட்டது. "என்ன கதை தம்பி இது? அந்தோனியாருக்கு மேல என்ர தண்ணித் தாங்கி நிக்கிறதோ? நாளைக்கு ஒரு சாமான் துலைஞ்சா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

நங்கூரம்

சரி, உயர்த்த ஏலாது என்றால் மோட்டர். பூட்டிச் சுவிட்சைப் போட்டேன். ஷவரில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சுவரும் சேர்ந்து அதிர்ந்தது. கீழே அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. இந்தச் சத்தத்தில் அண்ணர் எப்படி நித்திரை கொள்வார் என்று சொல்லி, அக்கா அந்த இடத்திலேயே கழற்றச் சொல்லிவிட்டார்.

கீழே இறங்கி வந்தால், அக்காவின் கணவர் அல்பிரட் அண்ணை பகல் நித்திரையிலிருந்து பதறி எழும்பி, சேர்ட்டை மாட்டியபடி வாசலில் நிற்கிறார். துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "ஆரடா எனக்குச் சொல்லாமல் நங்கூரத்தைத் தூக்கினது?"

மீனும் அண்ணரும்

மிஞ்சியது ஒரே வழி. மேலே ஆள் குளிக்கும்போது கீழே ஒரு பைப்பும் திறக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அண்ணர் வந்தார். மறுநாள் எப்படி என்று பார்க்க நானும் போயிருந்தேன். மேலே அவர் தலை நிறையச் சவுக்காரத்தோடு நிற்க, கீழே குசினியில் அல்பிரட் அண்ணை சூடை மீன் கழுவப் பைப்பைத் திறந்தார். ஷவர் நின்றுபோனது. துவாயைச் சுற்றிக்கொண்டு, நுரை வடிய, கண்ணை மூடியபடி அண்ணர் படியால் தடவித் தடவி இறங்கி வந்தார். "ரீற்றா, நான் நாளைக்கு உப்புவெளிக்குப் போறன். அங்க மீனுக்கு ஒரு பைப், எனக்கு ஒரு பைப்."

பிரஷர் தம்பி

அடுத்த நாள் விடியவே அக்காவின் போன். "தம்பி, மேல பிரஷர் சரியாக் குறைஞ்சு போச்சு, ஓடி வாங்கோ!" குரலில் அழுகை. ஷவர் நின்று அண்ணர் ஹோட்டலுக்கு வெளிக்கிட்டுவிட்டார் போல என்று நினைத்து, பைப்புக் குறட்டோடு மாடிக்கு ஓடினேன். அண்ணர் வெளிறிப்போய்க் கட்டிலில் கிடந்தார். கதவடியில் அவருடைய பெட்டி. அக்கா என்னைக் கண்டு திகைத்துப்போனார். "ஐயோ, நீங்களோ?"

விசயம் இதுதான். பாமசியில் இரத்த அழுத்தம் பார்க்கிற நசீரும் அக்காவின் போனில் 'பிரஷர் தம்பி'. நானும் 'பிரஷர் தம்பி'. அண்ணர் பிரஷர் குறைந்து தலைசுற்றி விழ, நசீரைக் கூப்பிடப் போய் அக்கா என் நம்பரை அழுத்திவிட்டார். வந்த வேகத்திலேயே திரும்பிப் போய் நசீரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நசீர் சொன்னபடி உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடித்து, அண்ணர் மெல்ல எழும்பி இருந்தார். நான் இன்னும் கையில் பிடித்திருந்த குறட்டைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். "ரீற்றா, பெட்டியை உள்ள வை. ஹோட்டலில விழுந்திருந்தா டொக்டரும் வந்திருக்க மாட்டார். இங்க பைப்காரனே ஓடி வாறான்."

ரீற்றா அக்கா வீட்டு ஷவரில் தண்ணீர் இன்றைக்கும் நூலாகத்தான் வருகிறது, ஆனாலும் பாலையூற்றில் பிரஷரைச் சரியாக்கிய ஆள் என்று என்னைத்தான் சொல்கிறார்கள்.