ஜீன் மக்ரே அன்றிரவு வீட்டில் இல்லை

கோபாலசாமி துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டெனோ. டெண்டர் அடிக்க வந்தவன், 1974 கோடை முழுக்க அடித்துக்கொண்டிருந்தது என்னவோ ஸ்காட்லாந்தில் என்றைக்கோ செத்துப்போனவர்களின் பெயர்களை.

எல்லாம் மானேஜர் மக்ரேயின் புண்ணியம். முன்னோர்களைத் தேடும் பித்து அவருக்கு. விக்டோரியா ராணி காலத்தில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், குறிப்பிட்ட ஒரு ராத்திரியில் அங்கே படுத்திருந்தவர்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். எடின்பரோவில் இருக்கும் அவருடைய தங்கை அதைக் கையால் நகலெடுத்து அனுப்புவாள். சரியான கோழிக் கிறுக்கல். ஊரில் பாதிப் பேர் ஜான், மீதிப் பேர் ஜேம்ஸ். ஒருத்திக்குப் பத்து வருஷத்தில் ஏழு வயதுதான் கூடியிருந்தது. கொடுத்துவைத்தவள் என்று பல்லைக் கடித்துக்கொண்டே கோபாலசாமி டைப் அடித்தான்.

அவனுடைய லீவு லெட்டர் மக்ரேயின் மேஜையில் தூங்கியது. ஊரில் மனைவி ஜலஜாவுக்குத் தலைப்பிரசவம். கட்டாயம் பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். "இந்த ஒரு குடும்பத்தை முடித்துவிட்டுப் போ" என்பார் மக்ரே.

அந்தக் குடும்பமோ முடிகிற வழியாக இல்லை. 1871 கணக்கில் கொள்ளுத்தாத்தாவும் குழந்தைகளும் வீட்டில் இருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டி ஜீனை மட்டும் காணோம். செத்துப்போனாள் என்று விடலாமென்றால், அடுத்த கணக்கில் சிவனே என்று அதே வீட்டில் இருக்கிறாள். மக்ரே மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

சனியன் தொலைந்தால் சரி என்ற அவசரத்தில் கோபாலசாமி வாயைவிட்டான். "இதில் என்ன சார் இருக்கிறது? பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள்."

உலகத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் போவார்கள் என்று அவன் நினைப்பு. மக்ரே துள்ளிக் குதித்தார். ஜீனின் பிறந்த வீட்டுக் கணக்கைத் தேடும்படி உடனே தங்கைக்கு எழுதினார். "பதில் வரட்டும், அப்புறம் நீ கிளம்பு." வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த வாரமே கையெழுத்து வாங்கியிருக்கலாம்.

பதில் சாவகாசமாக வந்தது. ஜீன் பிறந்த வீட்டில் இல்லை. ஆனால் தங்கை விடாக்கண்டி. எடின்பரோவிலேயே ஒரு வக்கீல் வீட்டில் அவளைக் கண்டுபிடித்திருந்தாள். அதே பெயர், அதே பிறந்த ஊர், கல்யாணமானவள், வேலை சமையல்.

மக்ரேயின் முகம் தொங்கிப்போயிற்று. "பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு, அடுத்தவன் வீட்டில் சமைக்கப் போனாளா? என்ன தாய் இவள்?"

கோபாலசாமிக்கு வந்த ஆத்திரத்தில் இங்கிலீஷ் மறந்துவிட்டது. "பொழைக்கப் போயிருக்கா சார்! நான் மட்டும் இங்க எதுக்குக் குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன்? பொண்டாட்டி வேண்டாம்னா ஓடி வந்தேன்?" என்று தமிழில் கத்தினான்.

மக்ரேக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. லீவு லெட்டரைத் தேடியெடுத்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பம்பாயில் இறங்கி, ரயிலைப் பிடித்து, திருச்சியில் மாமியார் வீட்டுக்குள் அவன் நுழைந்தபோது குழந்தைக்குப் பெயரே வைத்தாகிவிட்டது. ஜலஜா வாவென்று சொல்லவில்லை. அவன் ஜீன் கதையை ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தான்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி எவளோ ஒருத்தி ராத்திரி வீட்ல இல்லையாம். அதுக்கு என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்திட்டான் அந்த மனுஷன்."

"இவ பொறந்த அன்னிக்கு ராத்திரி நீங்களும்தான் இல்ல" என்றாள் ஜலஜா. குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.