பாலத்தில் நடப்பவர்கள்

ஓசூர் வந்ததும் எங்கள் டிரைவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ள, பயணம் நெடுஞ்சாலையோர மருத்துவமனை ஒன்றில் நிற்கிறது. அவருக்கு டிரிப்ஸ் ஏறுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கிடக்கும் இரும்பு நாற்காலியில் நான் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர்ச்சுவரில் ஓர் ஓவியம். ஏதோ வெளிநாட்டு நகரத்தின் ஆறு, அதன்மேல் பாலம். தண்ணீரில் ஆரஞ்சு வெளிச்சம் நெளிகிறது. பாலத்தில் குடையும் தொப்பியுமாகச் சனங்கள் விரைகிறார்கள். மருத்துவமனைகளில் சிரிக்கும் குழந்தையின் படத்தைத்தான் மாட்டுவார்கள். இங்கே யாருக்கோ ரசனை இருக்கிறது. ஓவியன் வண்ணத்தை எப்படித் தீற்றியிருக்கிறான் என்று பார்க்க எழுந்து போகிறேன்.

"கிட்ட போகாதீங்க சார்."

பக்கத்து நாற்காலிப் பெண். காவேரிப்பட்டினத்துக்காரி. கையில் கணவனின் கம்பெனி அடையாள அட்டை. உலையில் உருக்கிய இரும்பு அவன்மேல் தெறித்து மூன்று நாளாகிறது. இதுவரை கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்க்க விட்டிருக்கிறார்கள்.

"இங்கிருந்து பாத்தா எல்லாரும் நடந்து போறாங்க. எங்க ஊரு பாலம் மாதிரியே இருக்குது. நேத்து தெரியாம கிட்ட போய்ப் பாத்துட்டேன். ஒருத்தருக்குக்கூட மூஞ்சி இல்லீங்க. சும்மா பெயிண்ட்ட அப்பி வெச்சிருக்கான்."

நான் திரும்பி வந்து உட்காருகிறேன்.

கதவு திறக்கிறது. நர்ஸ் பச்சை அங்கி ஒன்றை அவளிடம் நீட்டுகிறாள். "டாக்டர் சொல்லிட்டாரும்மா. உள்ள வந்து பக்கத்துல நின்னு பாக்கலாம்."

அவள் எழுந்திருக்கிறாள். அட்டையில் இருக்கும் அவன் புகைப்படத்தை ஒருமுறை பார்க்கிறாள். மறுபடி உட்கார்ந்துவிடுகிறாள்.

"இங்கிருந்தே பாத்துக்கறேன் சிஸ்டர்."