டானிக் பாட்டிலில் போனது

சர்க்கரை நோயாளியான நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கரன்கோவிலில் டாக்டரைப் பார்ப்பேன். காலைச் சிறுநீரை ஒரு டானிக் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகளோடு உட்கார்ந்து வகைதொகையில்லாமல் இனிப்பு தின்றிருந்தேன். டாக்டரின் ஏச்சுக்குப் பயந்து பாட்டிலை மனைவியிடம் நீட்டினேன்.

“ஏட்டி, இந்த ஒரு தடவை நீ பிடிச்சுத் தா.”

“இது நல்லாவா இருக்கு?” என்று முகம் சுளித்தாலும் கொடுத்தாள். டாக்டர் சோதித்துவிட்டு என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு ருசித்துவிட்டது. அடுத்த இரண்டு முறையும் அவளுடையதுதான் போனது.

பிறகு என் கால்கள் வீங்கி, செருப்பு நுழையவில்லை. பயந்துபோய் மனைவியும் கூட வந்தாள். டாக்டர் அங்கேயே சிறுநீர் பிடித்துவரச் சொல்லி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெளுத்தது.

“ஆல்புமின்ங்கிற புரதம் போகுது. கிட்னி கெட ஆரம்பிச்சா இதுதான் காட்டிக்கொடுக்கும். அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் காய்ச்சிப் பாக்குதேன். போன மூணு தடவையும் இல்லையே, அண்ணாச்சி?”

நான் குனிந்து வீங்கிய கால்களைப் பார்த்தேன்.

“அது என்னோடது டாக்டர்” என்று மனைவிதான் சொன்னாள். தப்பு செய்தவள் தான் என்பதுபோல் தலைகுனிந்து நின்றாள். அப்போதும், கேட்டு வாங்கியது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் பாட்டிலை நானே நிரப்புகிறேன். தின்றதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனைவி துணைக்கு வருகிறாள். ஆனால் டாக்டர் அறைக்குள் மட்டும் வருவதில்லை, வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறாள்.