றுக்கியா காது கொடுத்த பெட்டிகள்

கிண்ணியாப் பக்கம் ஓடும் ஓட்டோக்களில் ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பாதிப் பெட்டிகளில் ‘றுக்கியா சவுண்ட்’ என்று பச்சை லேபல் இருக்கும். கொம்பனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குறிஞ்சாக்கேணியில் ஸெய்னுதீனின் வீட்டு முன் அறையும் மூன்று மேசையும் ஒரு மரம் அறுக்கும் மிஷினும்தான் கொம்பனி.

கலியாணம் முடித்த அடுத்த வருடம், உடைந்த அலுமாரிக் கதவை அறுத்து முதல் பெட்டியைச் செய்தார். அதில் ரேடியோச் செய்தியைப் போட்டுவிட்டு, குசினியில் நின்ற மனைவி றுக்கியாவிடம் என்ன கேட்டது என்று விசாரித்தார். பின்னேரம் மழையாம், கொடியில் கிடக்கும் உங்கள் சாரத்தை எடுங்கள் என்றாள். அன்றிலிருந்து அதுவே கொம்பனிச் சட்டம். வீட்டுக்கோ வானுக்கோ பஸ்ஸுக்கோ, எந்தப் பெட்டியானாலும் றுக்கியா தேங்காய் துருவிக்கொண்டே செய்தியைத் திருப்பிச் சொன்னால்தான் தேறும். லேபலையும் அவளே ஒட்டுவாள். அதில் அவளுக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போன வருடம் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. கீச்சிடுகிறது, தலை வலிக்கிறது என்றார்கள். புல்மோட்டை பஸ் ஓட்டும் சிவரூபன் தன் பஸ்ஸின் ஸ்பீக்கர் செட்டையே கழற்றிக் கொண்டுவந்து வைத்தான். ஸெய்னுதீன் வயரைச் சந்தேகித்தார், காந்தத்தைச் சந்தேகித்தார், மனிதர் சந்தேகிக்காதது ஒன்றுதான். ஒருநாள் குசினியில் குக்கர் நான்கு தரம் விசிலடித்தது. பக்கத்திலேயே நின்ற றுக்கியா திரும்பவில்லை. தெளிவில்லை, தெளிவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, கூர்மையான சத்தத்தை, அந்த ட்ரெபிளை, தான் ஏற்றிக்கொண்டே போனது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் லேபல் ஒட்டிய பெட்டிகளைப் பகலில் அவள் கண்ணயரும் நேரம் திறந்து, சத்தத்தைச் சரிசெய்து மூடினார். மூன்றாம் நாளே பிடிபட்டார்.

“நான் ஒட்டின பெட்டிய ஏன் தொறந்தீங்க?”

உண்மையைச் சொன்னார். அவள் லேபல் சுருளை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அது அவரை அறைந்ததைவிட மோசம்.

ஒரு மாதம் பெட்டிகள் லேபலில்லாமல் அடுக்கிக் கிடந்தன. மகள் அப்ரா தானே ஒட்டுகிறேன் என்று கை வைத்ததற்கு, ஒருநாளும் ஏசாத மனுசன் ஏசிவிட்டார். சிவரூபன் தன் செட்டைக் கேட்டு இரண்டு தரம் வந்து வெறுங்கையோடு போனான். கடைசியில் அப்ராதான் உம்மாவைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்து, ஒரு சின்ன மிஷினும் மாட்டிக் கூட்டிவந்தாள்.

வந்ததும் வராததுமாக றுக்கியா, அவர் இன்னும் திறக்காத அந்த பஸ் செட்டைப் போடச் சொன்னாள். போட்டார். அவள் முகம் சுருங்கியது.

“இந்தக் கீச்சலையா சனத்துக்குக் குடுத்தீங்க? உங்கட காது எங்க போனது?”

“இருபத்திரெண்டு வருசமா உன்ட காதத்தான் நம்பினனான், புள்ள. என்டத ஆரு கேட்டது?”

றுக்கியாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பெட்டியிலிருந்த பழைய லேபலை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். ட்ரெபிளைக் குறையுங்கள் என்றாள்; இன்னும் கொஞ்சம் என்றாள். பிறகு லேபல் சுருளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, செய்தியை முதலிலிருந்து போடச் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.